உதவி வேறு, பொறுப்பு வேறு
வாசகர் கேள்வி – பதில்

ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று வகுத்து வைத்திருக்கும் வேலைப் பிரிவினையைத் தாண்டி வாழ முயல்கிறவர்கள் சந்திக்கும் சிக்கல்களை எழுதியனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஏறக்குறைய பாதி ஆண்கள் எழுதியவை என்பது நான் எதிர்பாராதது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவர் நல்லவர், வீட்டில் எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்துவிடுவார். ஆனாலும் இரவில் படுக்கும்போது நான் மட்டும் தலை கனத்துக் களைத்துக் கிடக்கிறேன். ‘இப்படி ஒரு கணவர் யாருக்குக் கிடைப்பார்’ என்கிறார்கள் தோழிகள். நான் நன்றி மறந்தவளா?

பதில்: இல்லை. உங்கள் களைப்புக்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘எதைச் சொன்னாலும் செய்வார்’ என்கிறீர்களே, அந்தச் சொல்லும் வேலை யாருடையது? என்ன குறைகிறது என்று கவனிப்பது, எப்போது செய்தாக வேண்டும் என்று கணக்கிடுவது, அவர் மனநிலை பார்த்துச் சொல்வது, சொன்னது நடந்ததா என்று திரும்பிப் பார்ப்பது ஆகிய அத்தனையும் உங்களிடம் இருக்க, நடுவில் உள்ள ஒரு துண்டு மட்டும் அவரிடம் போய்த் திரும்புகிறது. அந்தத் துண்டுக்குத்தான் நாம் ‘உதவி’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்துக் காட்டினார். தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது முதலாவது, அதற்கு என்னென்ன வழிகள் என்று தேடுவது இரண்டாவது, முடிவெடுப்பது மூன்றாவது, முடிவு செய்தபடி நடக்கிறதா என்று கண்காணிப்பது நான்காவது. முடிவெடுக்கும் கட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் இருவரும் கலந்து பேசினார்கள். அதனால் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்கிறோம் என்ற எண்ணம் இருவருக்குமே இருந்தது. ஆனால் முதலாவதும் நான்காவதும் பெண்களிடமே அதிகமாக விழுந்திருந்தன. பேச்சில் வருவதும் பெருமை தருவதும் முடிவு. உறக்கத்தைக் கெடுப்பவை மற்றவை.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒரு நாள் கடுமையான காய்ச்சல். மனைவி வெளியூரில் இருந்தார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பொறுப்பான தகப்பன் என்ற நினைப்பு எனக்குள் கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. செவிலியர் படிவத்தோடு வந்து மூன்று கேள்விகள் கேட்டார்: குழந்தையின் எடை என்ன, ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா, கடைசியாக எப்போது தடுப்பூசி போடப்பட்டது. மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஏதோ கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வெளியே வந்தவர், மூன்றையும் மூச்சு விடாமல் சொன்னார். செவிலியர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் ‘தகவல் அளித்தவர்’ என்று இருந்த கட்டத்தில் ‘தாய்’ என்று எழுதிக்கொண்டார். குழந்தையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தவன் நான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலகம் முழுவதும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது, அதில் 76.2 சதவீதம் பெண்களின் உழைப்பு. ஒரு பெண் சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடமும் ஓர் ஆண் 1 மணி 23 நிமிடமும் இதற்குத் தருகிறார்கள். இத்தகைய கணக்கெடுப்பில் பெருக்குவதும் துவைப்பதும் தூக்கிச் சுமப்பதும் எளிதாக அகப்படும். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே நாளை மறுநாள் பள்ளிக்குக் கட்ட வேண்டிய தொகையை நினைத்துக்கொண்டிருப்பது அகப்படாது.

ஆகவே வேலைகளைப் பட்டியலிட்டுப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் பட்டியலைப் பராமரிக்கும் வேலை மறுபடியும் உங்களிடமே வரும். அதற்குப் பதிலாக ஏதேனும் ஒரு துறையை முழுதாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பள்ளி என்றால் சேர்க்கை முதல் ஆசிரியர் சந்திப்பு வரை, கிழிந்த காலணி உட்பட. அதில் ஒன்றை அவர் மறந்தால் பள்ளியிலிருந்து வரும் தொலைபேசி அவருக்கே வரட்டும். பதிவேட்டில் முதல் எண்ணாக அவருடையதைக் கொடுங்கள். இந்தச் சிறிய மாற்றம், நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசும் பத்து உரையாடல்களைவிட அதிகமாக வேலை செய்யும்.

கேள்வி: உங்கள் பகுதியில் எப்போதும் ஆண்களையே குறை சொல்கிறீர்கள் என்று என் கணவர் சொல்கிறார். அவர் துணி மடித்தால் எனக்குப் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். அவர் தூங்கிய பிறகு நான் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்து வைக்கிறேன். இது தவறா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, போன கேள்விக்கான பதிலையும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, இதையும் காட்டுங்கள்.

நள்ளிரவில் நீங்கள் பிரித்து மடிக்கும் அந்தத் துண்டை நினைத்துப் பார்க்கிறேன். அவர் நான்காக மடித்திருப்பார். நீங்கள் மூன்றாக மடித்து, விளிம்பு உள்ளே போகும்படி சுருட்டி வைப்பீர்கள். காலையில் அலமாரியைத் திறக்கும் அவருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்: உனக்கு இது வராது. இரண்டாம் வாரம் அவர் மடிப்பதை நிறுத்துவார். மூன்றாம் வாரம் நீங்கள் ‘ஒரு வேலையும் செய்வதில்லை’ என்பீர்கள்.

சாரா ஆலன், ஆலன் ஹாக்கின்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். தாய்மார்கள் சிலர், தாங்கள் அறியாமலேயே, குடும்ப வேலைகளின் வாசலில் காவலாளியைப் போல நின்று, தகப்பன் உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பெண்களைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. வேறெங்கும் அதிகாரம் கிடைக்காதவருக்கு வீட்டுக்குள் கிடைத்த அதிகாரம் இது ஒன்றுதான் என்னும்போது, அதை விட்டுக்கொடு என்று சொல்வது எளிதல்ல. வீடு கலைந்து கிடந்தால் விருந்தினர் மனதுக்குள் மதிப்பெண் போடுவது மனைவிக்குத்தானே தவிரக் கணவனுக்கு இல்லை. அந்த மதிப்பெண்ணுக்குப் பயந்துதான் நீங்கள் நள்ளிரவில் துண்டு மடிக்கிறீர்கள்.

ஆபத்தையும் பழக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். குழந்தைக்கு மருந்தின் அளவு தவறினால் உடனே குறுக்கிடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. துண்டு நான்காக மடிந்திருப்பது ஆபத்து அல்ல. பொறுப்பைக் கைமாற்றும்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் கூடவே போய்விடும். அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ள வழியில்லை.

கேள்வி: எனக்கு வயது 36. என் மனைவிக்கு என்னைவிட நல்ல ஊதியம். குழந்தை பிறந்ததும் இருவரும் யோசித்து, நான் வேலையை விட்டுவிட்டேன். குழந்தையோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘எப்போது வேலைக்குப் போகப் போகிறாய்’ என்ற கேள்வி வராத நாள் இல்லை. ‘பெண்டாட்டி சம்பாத்தியத்தில்’ என்ற சொல்லும் காதில் விழுந்தது. நான் ஏதோ குறைந்துபோனவன் போல உணர்கிறேன்.

பதில்: ‘இல்லத்தரசி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அரசி என்று முடிசூட்டி உட்கார வைத்துவிட்டு ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் விட்ட சொல் என்று எனக்கு அதன் மேல் கோபம் உண்டு. இருந்தாலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. ‘இல்லத்தரசன்’ என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். நீங்கள் வாழும் வாழ்க்கைக்கு மொழியில் இன்னும் பெயர் இல்லை. உங்களுடைய குறுகுறுப்பில் பாதி அங்கிருந்து வருவது என்று நினைக்கிறேன்.

மறுபாதிக்கு வேறு காரணம் உண்டு. ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாசன் முதலிய உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். பெண்மை என்பது உடல் வளர்ந்தால் தானே வந்துவிடுவது என்றும், ஆண்மை என்பது சம்பாதித்துப் பெறவேண்டியது, பெற்ற பின்னும் பறிபோகக்கூடியது, ஆகவே நாலு பேர் முன்னால் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியது என்றும் மக்கள் நினைக்கிறார்கள் என்பதே அது. ‘பொம்பளை மாதிரி அழாதே’, ‘ஆம்பளையா நீ’ என்ற அதட்டல்கள் இந்த நினைப்பின் மேல் நிற்பவை. ‘நீயெல்லாம் ஒரு பெண்ணா’ என்ற வசையும் பெண்களைச் சுடத்தான் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அடக்கத்தைப் பற்றியது. ஆணைச் சுடுவது வருமானத்தைப் பற்றியது. வேலை போன ஆண், ஊதியத்தோடு சேர்த்துத் தன் அடையாளத்தையே இழந்துவிட்டதாக எண்ணி நொடிந்துபோவதற்குக் காரணம் இந்தக் கட்டுமானம்தான். உங்களுக்கு வேலை போகவில்லை, நீங்களாகவே வேறு வேலைக்கு மாறியிருக்கிறீர்கள். ஆனாலும் கேட்கிறவர்கள் அந்தப் பழைய அளவுகோலையே கொண்டு வருகிறார்கள்.

குழந்தையோடு இருப்பது ஆணின் இயல்புக்கு மாறானது என்று எவராவது சொன்னால், ஒரு தகவலைச் சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களை ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் தொடர்ந்து கவனித்து, லீ கெட்லர் குழுவினர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகப்பன் ஆனவர்களுக்கு, ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோனின் அளவு கணிசமாக இறங்கியிருந்தது; நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. வளர்ப்பதற்கு ஏற்றபடி ஆணின் உடலும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஒரே ஒரு வேலைக்கென்று வார்க்கப்பட்ட உடல் இப்படி நடந்துகொள்ளாது.

கேள்வி கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வதை நிறுத்திவிடுங்கள். நீண்ட விளக்கம் மன்னிப்பைப் போலவே ஒலிக்கும். ‘குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை அதில் சேர்க்காதீர்கள்.

உறவினர் பேச்சைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாட்டை இனி நீங்களும் படக்கூடும்: சேமிப்பு உங்கள் பெயரில் இராது, தொழிலில் தொடர்பு அறுந்துபோகும், கையில் செலவுக்கு எடுக்கும்போது கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே மனைவியிடம் இப்போதே பேசி, வருமானத்தில் ஒரு பங்கு உங்கள் பெயரில் சேமிப்பாகப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காப்பீட்டிலும் சொத்துப் பத்திரங்களிலும் இருவர் பெயரும் இருக்கட்டும். தொழிலுக்குரிய பயிற்சி ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து வையுங்கள். பெண்களுக்கு இந்த அறிவுரையைச் சொல்ல ஆளில்லாமல் போனது, உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னதான் சொன்னாலும், வேட்டையாடியவன் ஆண், குழந்தையோடு இருந்தவள் பெண். இயற்கை பிரித்ததை மனிதன் மாற்ற முடியுமா?

பதில்: கருவுறுவதும் பாலூட்டுவதும் பெண்ணின் உடலுக்கு உரியவை, சராசரி உடல் வலுவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு. இவற்றை எவரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டிலிருந்து, மாமியாரின் மருத்துவப் பரிசோதனை எந்தத் தேதியில் என்பதை மருமகள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தோம்?

வேட்டையைப் பற்றிச் சொன்னீர்கள். சுவீடனில் பிர்கா என்ற இடத்தில் 1878இல் வைக்கிங் எனப்படும் வட ஐரோப்பியக் கடலோடிகள் காலத்துக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள் எல்லாம் உடன் புதைக்கப்பட்டிருந்தன. இத்தனை ஆயுதங்கள் இருந்தால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எலும்புக்கூடு ‘வீரன்’ என்றே பெயர் பெற்றிருந்தது. 2017இல் மரபணுவைப் பரிசோதித்தபோது அது பெண் என்று உறுதியானது. உடனே வேறொரு வேடிக்கை நடந்தது: ஆண் என்று நினைத்த காலம் முழுவதும் அந்த ஆயுதங்கள் அவனுடையவை என்பதில் எவருக்கும் ஐயம் வரவில்லை, பெண் என்று தெரிந்ததும், ஆயுதங்கள் உண்மையில் அவளுடையவைதானா என்ற விவாதம் தொடங்கிவிட்டது. பெரு நாட்டின் மலைப்பகுதியில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர் ஓர் இளம்பெண் என்று 2020இல் வெளியான ஆய்வையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆதிகாலத்தில் எல்லோரும் எல்லாமும் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் காலத்து வீட்டை எடுத்துக்கொண்டுபோய் ஆதிகாலத்தில் வைத்துவிட்டு, பிறகு அங்கே அது இருப்பதைக் கண்டு வியக்கிறோம்.

பிரிவினை எவ்வளவு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 2000இல் வெளியானது. பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் ஒரு சாய்தளத்தைக் காட்டி, உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த அளவுக்குச் சாய்த்து வையுங்கள் என்றார்கள். ஆண் குழந்தையின் தாய்மார் பிள்ளையின் திறமையைக் கூட்டி மதிப்பிட்டார்கள். பெண் குழந்தையின் தாய்மார் குறைத்து மதிப்பிட்டார்கள். குழந்தைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால் தவழ்வதில் இரு பாலாருக்கும் வேறுபாடே இல்லை. இன்னும் நடக்கக்கூடத் தொடங்காத பிள்ளைகள் அவர்கள். மதிப்பிட்டவர்களோ, அந்தப் பிள்ளைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தத் தாய்மார்.

கேள்வி: பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதால்தானே இவ்வளவு குழப்பமும்?

பதில்: பெண்கள் வேலை செய்யாத காலம் எது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: எங்கள் எட்டு வயது மகன் சட்டென்று அழுதுவிடுகிறான். ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று என் தந்தை அதட்டுகிறார். அதட்டினால் நின்றுவிடுகிறான் என்பதால் நானும் பேசாமல் இருக்கிறேன். வளர வளரச் சரியாகிவிடுமா?

பதில்: அழுகை நின்றுவிடும். அதற்குக் காரணமாக இருந்தது எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தற்கொலையால் இறப்பவர்கள் ஒரு லட்சம் ஆண்களுக்கு 12.6 பேர், ஒரு லட்சம் பெண்களுக்கு 5.4 பேர். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். அழவிடாமல் வளர்த்ததுதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் உதவி கேட்பதே இழுக்கு என்று சிறுவயதிலிருந்து பழகியவர், கேட்டாக வேண்டிய நேரத்திலும் கேட்காமல் இருந்துவிடுகிறார் என்பதை மனநல மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஆணுக்குரிய இடம் என்று நாம் ஒதுக்கிக் கொடுத்ததில் மேடையும் நாற்காலியும் இருக்கின்றன என்பது உண்மை. வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் அங்கே இடமில்லை.

உங்கள் தந்தையோடு சண்டை போட வேண்டாம். அவரையும் எவரோ அதட்டித்தான் வளர்த்திருப்பார்கள். பையன் அழும்போது அருகில் உட்கார்ந்து, ‘கோபமா, பயமா, வருத்தமா’ என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி அழுகை பேச்சாக மாறிவிடும். பள்ளியிலோ நண்பர்களிடமோ ஏதேனும் தொல்லை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அடிக்கடி அழுதால் அது மென்மையான மனமாகவும் இருக்கலாம், சொல்லத் தெரியாத சிக்கலாகவும் இருக்கலாம். இன்னொன்று: நீங்கள் அழுது அவன் பார்த்திருக்கிறானா?

கேள்வி: நான் ஆண், செவிலியர் படிப்பில் சேர விரும்புகிறேன். எனக்கு வயது 18. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: சேருங்கள். உலகில் செவிலியர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. கேலியின் ஊற்று அந்த எண். தொழிலின் தன்மையில் கேலிக்கு ஒன்றுமில்லை. ஒரு தொழில் எந்தப் பாலுக்குரியது என்ற எண்ணம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்குக் கணினித் துறையே சாட்சி. 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்; அப்போது அது எழுத்தர் வேலையைப் போன்ற சில்லறை வேலையாகக் கருதப்பட்டது. மதிப்பும் ஊதியமும் ஏறிய பிறகு அது ஆண்களின் துறையாயிற்று.

இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெண்கள் மிகுந்த தொழில்களுக்குள் வரும் ஆண்கள், கண்ணுக்குத் தெரியாத நகரும் படிக்கட்டில் ஏறியவர்களைப் போல விரைவாகப் பதவி உயர்வு பெறுகிறார்கள் என்று கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளர் 1992இல் எழுதினார். இன்று கேலி செய்யப்படும் நீங்கள், பத்து ஆண்டுகள் கழித்து, உங்களுக்கு முன்பே அந்தப் பணியில் இருந்த பெண்களுக்கு மேலாளராகக்கூடும். அன்றைக்கு அந்தப் படிக்கட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: தந்தையருக்கும் குழந்தை வளர்ப்பு விடுப்பு வேண்டும் என்கிறார்கள். கொடுத்தாலும் ஆண்கள் எடுக்கப் போவதில்லை. எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூட எடுக்கவில்லை. பிறகு எதற்கு வீண் செலவு?

பதில்: நீங்கள் சொல்வது நடந்திருக்கிறது. சுவீடன் 1974இலேயே, தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பாக மாற்றியது. அப்படி மாற்றிய முதல் நாடு அதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டபோது பெரும்பகுதியைத் தாய்மாரே எடுத்தார்கள். 1993இல் நார்வே வேறு வழியில் போயிற்று. நான்கு வாரங்களைத் தந்தைக்கென்று ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே கிடைக்காது என்று சொல்லிவிட்டது. அதுவரை மிகச் சிலரே விடுப்பெடுத்துவந்த நாட்டில், சில ஆண்டுகளுக்குள் தகுதியுள்ள தந்தையரில் பெரும்பான்மையினர் எடுக்கத் தொடங்கினார்கள். சுவீடனும் 1995இல் ஒரு மாதத்தை அவ்வாறு ஒதுக்கியது. இன்று மொத்தமுள்ள 480 நாட்களில் 90 நாட்கள் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக உரியவை.

ஜப்பான் இன்னொரு பாடம். அங்கே தந்தையருக்கான விடுப்பு சட்டத்தில் தாராளமாகவே இருந்தது. ஆனால் 2012இல் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அதை எடுக்கவில்லை. சக ஊழியர்களுக்குச் சுமை, மேலாளர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். 2022 முதல், குழந்தை பிறக்கவிருக்கும் ஊழியரிடம் நிறுவனமே நேரில் விடுப்பைப் பற்றிச் சொல்லி, எடுக்க விருப்பமா என்று கேட்டாக வேண்டும் என்று விதி வந்தது. 2023இல் எடுத்தவர்கள் நூற்றுக்கு முப்பது. விடுப்பு கேட்டுப் போய் மேலாளர் முன் நிற்க வேண்டியிருந்த ஆண், இப்போது கேட்கப்பட்டுப் பதில் சொல்கிறார். முன்பு மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்த இடத்தில் இப்போது ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் ஒருவரும் எடுக்கவில்லை என்கிறீர்கள். எவராவது சென்று அவர்களைக் கேட்டார்களா?

பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்காக ஐக்கிய நாடுகள் அவை 1979இல் ஏற்ற உடன்படிக்கை, பெண்ணின் மரபான இடத்தோடு ஆணின் மரபான இடமும் மாற வேண்டும் என்று முகவுரையிலேயே சொல்கிறது. குழந்தைகளை வளர்ப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய பொதுப் பொறுப்பு என்பது அதன் ஐந்தாம் பிரிவில் வருகிறது. தந்தை தாய்க்கு உதவ வேண்டும் என்று அங்கே எழுதவில்லை.

கேள்வி: எனக்கு வயது 66. என் கணவர் ஓய்வு பெற்று ஆறு மாதங்கள் ஆகின்றன. எனக்கு ஓய்வு என்பதே கிடையாதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள், ‘நான் என்ன செய்ய வேண்டும், சொல்’ என்று கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்கிறாரே, அம்மா, அது பெரிது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்ற முன்வரும் மனிதரைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். ஆனால் ‘சொல்’ என்கிறாரே, அதற்கு மட்டும் அகப்பட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்தால், உங்களுக்கு ஓர் உதவியாளர் கிடைப்பார், ஓய்வு கிடைக்காது.

சலவையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அழுக்குக் கூடையிலிருந்து அலமாரி வரை அவருடையது: எந்த நாளில் துவைப்பது, எதை எதனோடு சேர்ப்பது, எப்படி உலர்த்துவது, சோப்புத்தூள் தீரப்போகிறது என்று கவனிப்பது, சட்டைப் பையில் இருக்கும் காகிதத்தை எடுப்பது எல்லாம். இயந்திரம் இருந்தால் ஒரு முறை உடனிருந்து காட்டுங்கள். பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள். கூடை நிரம்பி வழிந்தாலும் நினைவூட்டாதீர்கள். போட்டுக்கொள்ள மாற்றுத் துணி இல்லாமல் போகும் நாளன்று அவருக்கே நினைவு வரும். முதல் மாதத்துக்குள் சாயம் ஏறிய வெள்ளைத் துணி ஒன்றாவது கட்டாயம் வரும். அது அவருடைய சட்டையாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள்.